கண்மாய்க்குள் ஒரு அணி

சனிக்கிழமை சாயங்காலம் பட்டாசுக் கம்பெனியில் வாரச் சம்பளம் கைக்கு வரும். அன்று இரவே டீக்கடை பெஞ்சில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவார். ஆளுக்கு நூறு, முடிந்தவர் இருநூறு. மறுநாள் போட்டிக்கான நுழைவுக் கட்டணம், பந்து, வண்டி வாடகை, ஜெயித்தால் பரோட்டா, தோற்றாலும் பரோட்டா. விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் அணி இந்த நோட்டில்தான் உயிரோடு இருக்கிறது. தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு. நான் சொல்வது சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம்.

இந்த அணிகளைப் பற்றி ஊரில் இரண்டே பேச்சுதான். ‘வேலையத்த பயலுக’ என்பது ஒன்று. ‘இப்படி ஆடித்தானே நடராஜன் வந்தான்’ என்பது இன்னொன்று. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசிப் பழகிய நடராஜன் 2017-இல் ஐபிஎல்லில் ஆடினார், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அந்தப் படியால் ஊர் அணியை அளக்கக் கூடாது. கண்மாய்க்குள் ஆடுகிறவர்களில் அநேகமாக எல்லாருமே திங்கட்கிழமை விடிகாலையில் கம்பெனி வேனில் ஏறப்போகிறவர்கள். அவர்களுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை எதைக் கொடுக்கிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்பதே கேள்வி.

நண்பர்கள் கூடிய இடத்தில் விளையாட்டு முளைப்பது உலகம் முழுக்க நடந்த கதை. 1887-இல் சிகாகோவில் ஒரு படகுக் கிளப்பில், கால்பந்துப் போட்டி ஒன்றின் முடிவுக்காகக் கூடியிருந்தவர்கள் குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டி, கட்டையால் அடித்து ஆடினார்கள். சாஃப்ட்பால், அதாவது மென்பந்து, பிறந்தது அப்படித்தான். டென்னிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட்டை இலங்கைத் தமிழர்கள் மென்பந்து கிரிக்கெட் என்கிறார்கள். நல்ல சொல், நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் வட்டாரத்தில் இந்த மென்பந்துக்குத் தனியாக ஒரு தேவை இருக்கிறது. பட்டாசுக் கம்பெனியில் ஓர் அறைக்குள் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார்கள். உயிரைக் காக்கிற விதி அது, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஆறு நாளும் நாலு சுவருக்குள், மருந்துக்குப் பக்கத்தில், உராயாமல் தட்டாமல் அடக்கி ஒடுக்கி வேலை பார்த்தவனுக்கு, ஏழாம் நாள் ‘டேய், பந்தை விட்டுட்டியேடா!’ என்று வாய்விட்டுக் கத்த ஒரு வெட்டவெளி வேண்டியிருக்கிறது. சீமைக் கருவேலத்தை வெட்டி ஒதுக்கிய கண்மாய்த் தரை அந்த வெட்டவெளி. இதை வெட்டிப் பொழுது என்று சொல்கிறவர்கள் அந்த அறைக்குள் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த இடமும் எப்போதும் கிடைக்காது. தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்திருக்கும் வாரங்களில்தான் ஆட்களுக்கு ஓய்வு. ஐப்பசி, கார்த்திகை மழையும் அப்போதுதான். மழை நன்றாகப் பெய்தால் மைதானத்தில் தண்ணீர் நிற்கும். கண்மாய் நிறைந்ததற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்து பழைய போட்டிகளைப் பேசிக்கொண்டிருப்போம். பொங்கலுக்கும் பங்குனித் திருவிழாவுக்கும் தொடர் வைப்பார்கள்.

அப்படி ஒரு பங்குனித் தொடரில் எங்கள் அணிக்கு இரண்டாம் பரிசாக ஓர் ஆட்டுக்கிடா கிடைத்தது. குட்டியானை வண்டியில் கிடாவையும் ஏற்றிக்கொண்டு பதிமூன்று பேர் கிளம்பினோம். வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது கயிற்றை அறுத்துக்கொண்டு அது காட்டுக்குள் ஓடிவிட்டது. இருட்டு. கருவேல முள். செல்போன் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் தேடினோம். கடைசியில் அதைப் பிடித்து, ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கிவந்தவர்கள், ஒரு ரன் அவுட் சண்டையில் ஆறு மாதமாகப் பேசாமல் இருந்த இரண்டு பேர். கிடாவை வெட்ட வீட்டுப் பெண்கள் சம்மதிக்கவில்லை. அது ஒரு வருஷம் எங்கள் கேப்டன் வீட்டுத் தொழுவத்தில் நின்றது. அந்தத் தொடரில் நான் எத்தனை ரன் அடித்தேன் என்பது இன்று எனக்கு நினைவில்லை.

இதையெல்லாம் மனதார அனுபவித்தவன் என்ற உரிமையில்தான் குறையையும் சொல்கிறேன்.

முதல் குறை அந்த நோட்டிலேயே இருக்கிறது. தோல்வியால் கலைந்த அணியை நான் அதிகம் பார்த்ததில்லை. கணக்கால் கலைந்தவை நிறைய. தொடர் நடத்தும்போது கடைகளிலும் கம்பெனிகளிலும் நன்கொடை வாங்குகிறோம். சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் பல வண்ண நோட்டீஸில் கொடுத்தவர் பெயரெல்லாம் அச்சாகிவிடும். செலவு மட்டும் எங்கும் அச்சாகாது. நோட்டு வைத்திருப்பவர் நேர்மையானவராகவே இருப்பார், ஆனாலும் கேட்டால் ‘என்னையே சந்தேகப்படுறியா’ என்பார். அதோடு முடிந்தது, அடுத்த மாதம் ஒரே தெருவில் இரண்டு அணி.

இரண்டாவது, போட்டி முடிந்த பிறகு ஓடுகிற மது பாட்டில். ஜெயித்த பணத்தில் பாதி அதற்கே போகிறது. குடித்துவிட்டு ஒரே பைக்கில் மூன்று பேர் இருட்டில் திரும்புவதை விளையாட்டின் பகுதி என்று யாரும் நியாயப்படுத்த வேண்டாம். பதினைந்து வயதுப் பையன்களும் அந்த வண்டியில்தான் வருகிறார்கள்.

காயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டென்னிஸ் பந்து மென்மையானது. ஆனால் பரிசுத்தொகை கூடக்கூட கார்க் பந்துக்குப் போய்விடுகிறோம், கிளவுஸ் இல்லாமல். திரி வைப்பதும் மருந்து அடைப்பதும் விரல் வேலை; எண்ணிக்கைக்குத்தான் கூலி. விரல் உடைந்தால் ஒரு மாதச் சம்பளம் போகும். அந்த மாதம் அரிசி வாங்க அணி என்ன கொடுத்தது என்று கேட்டால் எந்த அணியிடமும் நேரான பதில் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறையைப் பேசத்தான் தயங்குகிறோம். தெருவுக்கு ஓர் அணி என்றால் இங்கே சாதிக்கு ஓர் அணி என்று அர்த்தம். ஜெர்சியின் நிறத்தைப் பார்த்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். நடுவர் கொடுத்த ஒரு நோ பால் இரண்டு தெருவின் பழைய பகையாக மாற ஐந்து நிமிஷம் போதும். 2024-இல் வந்த ‘ப்ளூ ஸ்டார்’, ‘லப்பர் பந்து’ இரண்டு படங்களுமே இதைத்தான் திரையில் பேசின. கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து அறையில் வேலை பார்க்கிறவர்கள், ஒரே வேனில் போய்வருகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு வேறு கண்மாயில் ஆடுகிறோம். அந்த வேனில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களுடைய ஞாயிறு துணி துவைப்பதில் போகிறது. அவர்களுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுக்க எந்த நோட்டிலும் வரி எழுதியதில்லை, எங்கள் நோட்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

அணி வேண்டும், இன்று இருக்கிற இந்த வேலியோடு வேண்டாம். இதுவே என் தீர்ப்பு. வருகிற பொங்கல் தொடருக்குப் பெயர் எழுத உட்காரும் தம்பிமார்களே, உங்கள் பட்டியலில் முதல் மூன்று பெயர் அடுத்த தெருவிலிருந்து இருக்கட்டும். கடைசிப் போட்டி முடிந்ததும் எல்லார் முன்னிலையிலும் நோட்டைத் திறந்து கணக்கை வாசியுங்கள்.