இரண்டு விருதுகளுக்கு நடுவே ஓர் இசைத்தட்டு

அமெரிக்க ஜாஸ்-பாப் இசைக்கு 1980 ஓர் அறுவடை ஆண்டு. கிதார் கலைஞர் ஜார்ஜ் பென்சனின் ‘கிவ் மீ த நைட்’, சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் ‘ஒயின்லைட்’, ஸ்டீலி டான் குழுவின் ‘காச்சோ’ மூன்றும் அந்த ஆண்டில்தான் வெளிவந்தன. இந்த இசையில் ஈடுபாடுள்ள யாரிடம் கேட்டாலும் இந்த மூன்று பெயர்களும் உடனே வந்து விழும். அதே ஆண்டில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அல் ஜாரோ பாடிய ‘திஸ் டைம்’ என்ற ஆல்பத்தையும் வெளியிட்டது. அதைத் தாமாக நினைவுகூர்ந்து சொல்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தப் பாணி எந்தெந்த மரபுகளிலிருந்து வந்தது, அதை எந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதே அளவுகோலில் ‘திஸ் டைம்’ முதல் வரிசையில் உட்கார வேண்டியது என்று நிறுவுவதே என் நோக்கம்.

ஒன்றை முன்கூட்டியே தெளிவாக்கிவிட வேண்டும். ‘ஸ்மூத் ஜாஸ்’ என்ற பெயர் பரவலானது பிற்பாடுதான். 1987இல் லாஸ் ஏஞ்சலீஸில் ‘த வேவ்’ என்ற வானொலி நிலையம் தொடங்கி, நாள் முழுக்க இந்த வகை இசையையே ஒலிபரப்பியது. மற்ற ஊர்களும் அதைப் பின்பற்றின. பிறகு அந்தப் பெயரின் கீழ் பேச்சுக்குப் பின்னால் ஓடவிடுவதற்கென்றே செய்த சரக்கும் நிறைய வந்தது. அதைக் கேட்டுச் சலித்தவர்கள், அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டார்கள். பெரிய அநியாயம் அது. 1980இல் வாசித்தவர்கள் ஜாஸில் ஊறி வளர்ந்தவர்கள். பகலில் ஸ்டூடியோவில் பிறர் பாட்டுக்கு வாசித்துச் சம்பாதித்து, இரவில் சின்னச் சின்ன மேடைகளில் தங்களுக்குப் பிடித்ததை வாசித்தவர்கள். அவர்கள் கைக்கு எட்டாத கடினம் என்று எதுவும் இருக்கவில்லை. அந்தக் கடினத்தைக் கேட்பவர் காதில் உறுத்தாமல் வைப்பதைத்தான் அவர்கள் வித்தையாகக் கொண்டார்கள்.

மரபுகளைப் பார்ப்போம். மூத்தது கிரீட் டெய்லர் என்ற தயாரிப்பாளரின் வழி. 1967இல் அவர் தொடங்கிய சி.டி.ஐ. நிறுவனம் எழுபதுகளின் முற்பகுதியில் ஜாஸ் கலைஞர்களைத் தந்தி வாத்தியங்களோடும் மின் பியானோவோடும் உட்கார வைத்தது. நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக்கூடத்தில்தான் பெரும்பாலான பதிவுகள் நடந்தன. டான் செபெஸ்கியும் பாப் ஜேம்ஸும் ஆர்கெஸ்ட்ரா எழுதினார்கள். ஜாஸ் சுத்தமாகவும் அழகாகவும் ஒலிக்கலாம், அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது என்பதை நிலைநாட்டியது இந்த வழிதான்.

இரண்டாவது, மேற்குக் கரையில் டாமி லிப்யூமாவின் வழி. பென்சனின் ‘பிரீஸின்’, மைக்கேல் ஃபிராங்க்ஸின் ‘தி ஆர்ட் ஆஃப் டீ’ இரண்டும் 1976இல் அவர் தயாரிப்பில் வந்தவை. ‘பிரீஸின்’ தட்டில் பென்சன் பாடியது ஒரே ஒரு பாட்டுதான். லியான் ரஸ்ஸல் எழுதிய அந்த ‘திஸ் மாஸ்கரேட்’ கிராமி விருதில் ஆண்டின் சிறந்த பதிவாகத் தேர்வானது. லிப்யூமாவின் கைவண்ணம் பெரும்பாலும் விட்டுவைப்பதில்தான் இருக்கிறது. வாத்தியங்களுக்கு நடுவே காற்றோட்டம் இருக்கும். ஃபிராங்க்ஸ் கிட்டத்தட்டப் பேசுவதுபோலவே பாடுவார். பின்னால் ஜோ சாம்பிளும் லாரி கார்ல்டனும் ஒரு சொல்கூட மிகையாக வாசிக்க மாட்டார்கள்.

குவின்சி ஜோன்ஸின் வழி வேறு. ஜாஸ் பெரும் வாத்தியக் குழுக்களுக்கு எழுதிப் பழகியவர் அவர். தாளத்தைக் கெட்டியாகக் கட்டி, அதன்மேல் ஊதுகுழல்களைப் பளிச்சென்று வெட்டி வைப்பார். நடனமாடாமல் உட்கார முடியாது. அடுத்தது ஸ்டீலி டான் வழி. ஒரு சிறு பகுதிக்குக்கூட ஆள் மாற்றி ஆள் வாசிக்க வைத்து, மனத்துக்குப் பிடித்தது கிடைக்கும்வரை விடாத வழி அது. நியூயார்க்கில் ரால்ஃப் மெக்டொனால்ட், ரிச்சர்ட் டீ, எரிக் கேல் போன்ற ஸ்டூடியோ கலைஞர்களின் வட்டத்துக்கு இன்னொரு மணம் உண்டு. ‘ஒயின்லைட்’ அங்கே விளைந்ததுதான்.

அளவுகோல் என்ன? முதலாவது, தாளத்தில் அமர்தல். டிரம்ஸும் பேஸும் அடியை எங்கே வைக்கின்றன, எவ்வளவு தள்ளி வைக்கின்றன என்பதில்தான் இந்த இசையின் உயிர் இருக்கிறது. முந்தினால் பரபரப்பு, பிந்தினால் சோர்வு. அடுத்தது, மெட்டுக்கும் அடியிலுள்ள சுரக்கூட்டுகளுக்கும் உள்ள உறவு. சாதாரண பாப் பாட்டில் மூன்று சுரக் கூட்டு போதும். இங்கே ஏழாவது, ஒன்பதாவது, பதின்மூன்றாவது சுரங்களெல்லாம் மேலே வந்து சேரும். இருந்தாலும் மேலே போகும் மெட்டைக் குளிக்கும்போது முணுமுணுக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் எழுதியவர் தோற்றுவிட்டார்.

ஒலியும் ஓர் அளவுகோல்தான். அதற்கு அந்தக் காலத்தின் ஃபெண்டர் ரோட்ஸ் மின் பியானோவைக் கவனித்தால் போதும். கட்டையை அழுத்தினால் உள்ளே ரப்பர் முனை கொண்ட சுத்தியல் எழும்பி ஒரு மெல்லிய உலோகக் கம்பியைத் தட்டும். அதன் அதிர்வைப் பக்கத்திலுள்ள காந்தச் சுருள் மின்சாரமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். மெதுவாகத் தொட்டால் மணியோசை. அழுத்தித் தட்டினால் ஓர் உறுமல். ஒரே சுரத்தில் இந்த இரண்டுக்கும் இடையே எத்தனையோ படிகள். நல்ல பதிவில் வாசிப்பவரின் விரல் எடை நமக்குக் கேட்கும்.

கடைசியாகப் பாடகர். எல்லோரும் சறுக்குவது இங்கேதான். இவ்வளவு நேர்த்தியாகக் கட்டிய வீட்டில் பாடகர் விருந்தாளியாக நின்றுவிடுவார். அவரை எடுத்துவிட்டு இன்னொருவரை வைத்தாலும் பாட்டு ஓடும். அப்படி மாற்ற முடியாத பாடகர் இருக்கிறாரா என்பதைத்தான் நான் கடைசி அளவுகோலாக வைக்கிறேன்.

அல் ஜாரோ 1940இல் மில்வாக்கியில் பிறந்தவர். தந்தை தேவாலயப் போதகர். பையனின் பாட்டு அங்கேதான் தொடங்கியது. கல்லூரியில் உளவியல் படித்தார். அயோவா பல்கலைக்கழகத்தில் தொழில்வழி மறுவாழ்வுத் துறையில் முதுகலைப் பட்டமும் பெற்றார். சான் பிரான்சிஸ்கோவில் மறுவாழ்வு ஆலோசகராக வேலை பார்த்துக்கொண்டே, பியானோ கலைஞர் ஜார்ஜ் டியூக்கின் மூவர் குழுவோடு இரவுகளில் பாடினார். முதல் வார்னர் ஆல்பமான ‘வி காட் பை’ வந்தது 1975இல். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. முதிர்ந்துதான் வந்தார்.

1977இல் வந்த ‘லுக் டு த ரெயின்போ’ மேடைக் கச்சேரிப் பதிவு. அதிலுள்ள ‘டேக் ஃபைவ்’ கேட்டவர்கள் அவரை மறக்க மாட்டார்கள். ஐந்தடித் தாளத்தில் தொண்டை, நாக்கு, உதடு மூன்றையும் கொண்டு டிரம்ஸ், பேஸ், புல்லாங்குழல் என்று மாறி மாறி ஒலிப்பார். கொன்னக்கோல் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த வித்தை அந்நியமாக இருக்காது. மெய்யெழுத்து எங்கே தட்டுகிறது, உயிரெழுத்து எவ்வளவு நீள்கிறது என்பதிலேயே லயம் முழுவதும் அடங்கியிருக்கும். அந்தத் தட்டுக்கும், அடுத்து 1978இல் வந்த ‘ஆல் ஃப்ளை ஹோம்’ தட்டுக்கும் ஜாஸ் பாடகருக்கான கிராமி கிடைத்தது. மேடையில் புலி என்று பெயர் வந்துவிட்டது. ஸ்டூடியோவில் அந்தப் புலிக்கு ஏற்ற களம் இன்னும் அமையவில்லை.

அமைத்தவர் ஜே கிரேடன். ஸ்டீலி டானின் ‘பெக்’ பாட்டில் பல கிதார் கலைஞர்கள் வாசித்தும் திருப்தி வராமல், கடைசியில் நின்றது இவருடைய தனிவாசிப்புதான். எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழு 1979இல் பாடிய ‘ஆஃப்டர் த லவ் ஹேஸ் கான்’ பாட்டை எழுதிய மூவரில் ஒருவர். ஒலி விஷயத்தில் கறாரானவர். ‘திஸ் டைம்’ தயாரிப்பை ஏற்றதும், டிரம்ஸில் ஸ்டீவ் காட், பேஸில் மெக்சிகோவில் பிறந்த ஆபிரகாம் லபோரியல், விசைப்பலகையில் ஜாரோவின் நெடுநாள் தோழர் டாம் கேனிங் என்று ஆட்கள் அமைந்தார்கள். ஸ்டீலி டானின் ‘ஏஜா’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் செய்த டிரம்ஸ் தனிவாசிப்பால் புகழ்பெற்ற அதே காட்தான். நியூயார்க்கின் தாளமும் லாஸ் ஏஞ்சலீஸின் ஒலியும் ஸ்டீலி டான் பழக்கிய கறாரும் ஒரே அறையில் சந்தித்தன. மரபுகளைத் தனித்தனியாகச் சொன்னேனே, அவை கூடும் இடம் இந்தத் தட்டு.

ஒன்பது பாட்டுகள். ‘நெவர் கிவ்வின் அப்’ துள்ளலோடு தொடங்கிவைக்கிறது. ‘லவ் இஸ் ரியல்’ பாட்டில் சுரக்கூட்டுகள் நகரும் விதத்தைக் கேளுங்கள். படி இறங்குகிறோம் என்று நினைக்கும்போது வேறொரு மாடியில் நிற்போம். ‘அலோன்ஸோ’ நிதானமான பாட்டு. ஜாரோ இங்கே வித்தை எதுவும் காட்டாமல், மூச்சைப் பாதி மட்டும் விட்டுப் பாடுகிறார். ‘கிம்மி வாட் யு காட்’ மட்டும் எனக்கு ஒப்பவில்லை. தாளம் பிரமாதம், பாடகருக்கு வேலை இல்லை. நான் கடைசியாகச் சொன்ன அளவுகோலில் அது தேறாது.

ஆனால் ஆறாவதாக ‘ஸ்பெயின்’ வருகிறது. அதற்காகவே இந்தத் தட்டைப் பொக்கிஷம் என்பேன். மூலம் சிக் கொரியா 1972இல் ரிட்டர்ன் டு ஃபாரெவர் குழுவோடு பதிவு செய்த வாத்திய இசை. அதன் முகப்பு ஸ்பானிய இசையமைப்பாளர் ஹோவாக்கின் ரோட்ரிகோ 1939இல் எழுதிய கிதார் கொன்செர்ட்டோவின் மெதுவான நடுப்பகுதி. அந்த மெட்டில் ஒரு பழைய துக்கம் இருக்கிறது. அதற்குப் பிறகு கொரியா திடீரென்று வேகம் பிடித்து, எல்லா வாத்தியமும் ஒன்றாக ஓடவேண்டிய ஒரு சொற்கட்டை வைக்கிறார். அடி விழும் என்று எதிர்பார்க்கும் இடத்தில் விழாது. விழாது என்று விட்ட இடத்தில் இரண்டாக விழும். கைதேர்ந்த வாத்தியக்காரர்களே ஒத்திகை பார்த்துத்தான் மேடையேற்றுவார்கள்.

ஜாரோவும் ஆர்ட்டி மாரனும் இதற்குச் சொற்கள் எழுதினார்கள். சொல் இல்லாமல் ‘டா-டா’ என்று பாடித் தப்பித்துவிடலாம்; ஜாரோ அப்படிச் செய்யவில்லை. விரல்களுக்காக எழுதிய ஓட்டத்தில் ஆங்கில மெய்யெழுத்துகளைப் பிசகாமல் உட்கார வைக்கிறார். ரோட்ரிகோவின் முகப்பில் குரல் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. வேகம் பிடித்ததும் அதே குரல் வாத்தியங்களோடு சேர்ந்து ஓடுகிறது. எங்கே குரல் முடிந்து வாத்தியம் தொடங்குகிறது என்று பிரிக்க முடிவதில்லை. காட் அந்த இடங்களில் கூட்டத்தை நெருக்காமல், அடியை ஒரு மயிரிழை பின்னால் வைத்துத் தாங்குகிறார். அதனால்தான் இவ்வளவு கடினமான உருப்படி கேட்பவருக்குச் சுலபமாக இருக்கிறது. முதன்முறை கேட்கும்போது ‘நல்ல பாட்டு’ என்று மட்டும் தோன்றும். கூடவே பாடிப் பார்த்தால் நாக்கு எங்கே சிக்குகிறது என்பது தெரியும்.

இப்படி ஒரு தட்டு ஏன் பின்னுக்குப் போனது? அடுத்த ஆண்டே வந்த ‘பிரேக்கின் அவே’தான் காரணம். அதே கிரேடன், அதே வார்னர். ‘வி ஆர் இன் திஸ் லவ் டுகெதர்’ வானொலியெங்கும் ஒலித்தது. பாப் பாடகர், ஜாஸ் பாடகர் இரண்டுக்குமான கிராமி ஜாரோவுக்கு வந்தது. முன்னால் கிராமி வாங்கிய அண்ணன், பின்னால் இரண்டு கிராமி வாங்கிய தம்பி. நடுப்பிள்ளையை யார் பார்ப்பார்கள்? ஜாஸ் விமர்சகர்களுக்கு ‘திஸ் டைம்’ மிகவும் மெருகேறியதாகத் தோன்றியது. பாப் நேயர்களுக்கோ அதில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வெற்றிப் பாட்டு இல்லை. ‘பிரேக்கின் அவே’யை நான் குறைத்துப் பேசவில்லை, அதில் டேவ் புரூபெக்கின் ‘புளூ ரோண்டோ’வுக்கு ஜாரோ சொற்கள் சேர்த்துப் பாடியது பெரிய சாதனை. ஆனால் முழுத் தட்டாக எடுத்தால் அங்கே தராசு பாப் பக்கம் சாய்ந்துவிட்டது. 1983இல் வந்த ‘ஜாரோ’வில் இன்னும் சாய்ந்தது. மேடைக் கலைஞனின் சுதந்திரமும் ஸ்டூடியோவின் கட்டுப்பாடும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்பது 1980இல்தான்.

இதேபோல் அந்தக் காலத்து வேறு சில நல்ல தட்டுகளும் ஒதுங்கிப்போயின. ராண்டி கிராஃபோர்டின் ‘சீக்ரெட் காம்பினேஷன்’ (1981), ஃபிராங்க்ஸின் ‘ஒன் பேட் ஹேபிட்’ (1980) இரண்டையும் தேடிக் கேட்கலாம். டொனால்ட் ஃபேகனின் ‘த நைட்ஃப்ளை’ (1982) மட்டும் தப்பித்து, இன்றும் கொண்டாடப்படுகிறது. அதற்குத் தகுதியும் இருக்கிறது.

ஜாரோ ‘ஸ்பெயின்’ பாட்டை அதன்பின் பல மேடைகளில் பாடினார். 2017 பிப்ரவரியில், கச்சேரிப் பயணங்களை நிறுத்துவதாக அறிவித்த சில நாள்களிலேயே லாஸ் ஏஞ்சலீஸில் காலமானார். ஜாஸ், பாப், ஆர் அண்ட் பி ஆகிய மூன்று பிரிவுகளிலும் பாடகருக்கான கிராமி வாங்கியவர்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘ஸ்பெயின்’ முதலில் வேண்டாம். கடைசிப் பாட்டான ‘(எ ரைம்) திஸ் டைம்’ கேட்டுத் தொடங்குங்கள். டெட்ராய்ட் கிதார் கலைஞர் ஏர்ல் க்ளூ 1977இல் வாத்திய இசையாக வெளியிட்ட மெட்டு அது. ஜாரோ சொற்கள் சேர்த்து, க்ளூவின் நைலான் தந்திக் கிதாருக்குரிய மென்மை கெடாமல் அதைப் பாடுகிறார். இரண்டு முறை கேட்டபின் ‘அலோன்ஸோ’. அடுத்து கொரியாவின் மூல ‘ஸ்பெயின்’. கடைசியாக ஜாரோவின் ‘ஸ்பெயின்’, ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, லபோரியலின் பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒரு முறை, குரலைப் பின்தொடர்ந்து இன்னொரு முறை.