பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ பற்றி யார் பேசினாலும் கடைசியில் அம்மா மகள் தலையில் ஊற்றும் தண்ணீரில்தான் வந்து நிற்பார்கள். 1966-இல் ஆனந்த விகடனில் கதை வந்தபோது கிளம்பிய சர்ச்சையும் அதைப் பற்றித்தான். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். போன வருடம் மைவியை வீட்டில் போட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, கதையின் முதல் பக்கத்தைத் தாண்டவே நேரமெடுக்கிறது.

மழை. பெண்கள் கல்லூரி வாசல். கார் வைத்திருக்கும் மாணவிகள் நெருங்கிய சிநேகிதிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அடுத்து கல்லூரி வேன் கிளம்புகிறது. ஐந்தரைக்கு மேல் நிற்பவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அவர்களும் ஒவ்வொரு பஸ்ஸாகக் கரைந்து, ஒருத்தி தனியாகிறாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய கார் வருகிறது. யாருக்கு என்ன வண்டி என்று பிரித்துக் காட்டிவிட்டுத்தான் ஜே.கே. கதைக்குள் நுழைகிறார். நாமோ கற்பு, பாவம், மன்னிப்பு என்றே விவாதித்துக்கொண்டிருக்கிறோம். அவளுடைய பஸ் ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று யாரும் கேட்டு நான் படித்ததில்லை.

ஈஜோக்கில் நின்றால் அந்தக் கேள்வி தானாக வரும். 2011-இல் இங்கிருந்து டெம்ப்ளர் பார்க் பக்கம் லாத்தார் நெடுஞ்சாலை திறந்தார்கள். காடி இருப்பவனுக்குத் தூரம் சுருங்கியது. செம்பனைக்கு நடுவே சிம்பாங்கில் நிற்கிறவருக்கு அது தலைக்கு மேலே போகிற செய்தி.

என் அம்மா பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். அந்த ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். எண்பதுகளின் கடைசியில் ஃபாக்டரி வேலைக்குப் போனார். நான் பஸ்ஸில் போவதைப் பெருமையாகச் சொன்னபோது, “காடிக்கு மாசம் தவணை கட்டிக்கிட்டு பஸ்ல போறியாடா? வெளக்கு இல்லாத சிம்பாங்ல விடியக்காலம் நின்னுருக்கியா நீ?” என்றார். நான் நின்றதில்லை. பஸ் தவறினால் கிராப் கூப்பிடுவேன். என்னுடையது தேர்வு, அம்மாவுக்கு அந்த வார்த்தையே கிடையாது.

இதற்குப் பிறகு கதையில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. காரின் சொகுசைப் பார்த்து அந்தப் பெண் வியப்பதை ஜே.கே. குழந்தைத்தனமாகவே எழுதுகிறார். மழையில் நனைந்து, கால் கடுக்க நின்றவளுக்கு உலர்ந்த இருக்கை என்பது வெறும் மயக்கமா? அது தேவையும் இல்லையா? முதல் பக்கத்தில் அவ்வளவு துல்லியமாகப் பார்த்த எழுத்தாளர், காருக்குள் போனதும் பஸ் ஸ்டாண்டை மறந்துவிடுகிறார். பிரச்சினை வீட்டுக்குள் வந்து, தண்ணீரில் முடிந்துவிடுகிறது. அந்த அம்மாவின் பெரிய மனதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கல்லூரி விட்ட பிறகு அந்தப் பெண் மறுபடியும் அதே பஸ் ஸ்டாண்டில்தானே நிற்க வேண்டும்? அன்றைக்கும் மழை பெய்யலாம். பஸ்ஸும் தாமதமாகலாம்.