அட்டை: ஒரு சட்டச் சொல்லாடல்

'வனவிலங்கு' என்ற சொல்லைக் கட்டுடைக்காமல் தூத்துக்குடிக் கடலைப் பற்றிப் பேச முடியாது என்றே நினைக்கிறேன். 2001-இல் மத்திய அரசு கடல் அட்டை இனங்கள் அத்தனையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. அன்றிலிருந்து அட்டை புலிக்குச் சமம். பிடித்தால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. கடல்ல கெடக்கிற அட்டைக்குக் காட்டு இலாகாவா என்று சிரிச்சுட்டுப் போகலாம்தான். சிரிப்பு அடங்கியதும் கேட்க வேண்டியது: பாதுகாப்பு யாரிடமிருந்து?

அள்ளித் தீர்த்தது உண்மை. நம்ம கரையில் யாரும் தின்னாத பிராணியை அவித்துக் காயவைத்து ஹாங்காங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றியது வியாபார மூலதனம். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோன கடலில் சங்கையும் அட்டையையும் நம்பி மூச்சடக்கியவன் குளியாள். சட்டத்தின் பிரதியில் இருவருக்கும் ஒரே பெயர்.

அழியும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை இப்படி மொத்தமாகப் பேசுவதில்லை. 2019-இல் மூன்று அட்டை இனங்களையும், 2022-இல் இன்னும் சிலவற்றையும் இரண்டாம் இணைப்பில் வைத்தது. அது தடை அல்ல. இனத்துக்குக் கேடில்லை என்று நிறுவிவிட்டு விற்கலாம் என்கிற ஏற்பாடு. நம் சட்டம் அந்தக் கேள்வியையே கேட்க விடுவதில்லை. விளைவு, இங்கே கடத்தல் பொருளானது மன்னார் வளைகுடாவின் அக்கரையில் இலங்கை அரசின் அனுமதிச் சீட்டோடு ஏற்றுமதியாகிறது.

இத்தனைக்கும், வெள்ளை அட்டையின் குஞ்சு பொரிக்கவைக்கும் வித்தை 1988-இல் கைகூடியது தூத்துக்குடியின் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில்தான். இன்று பண்ணைகள் இருப்பது யாழ்ப்பாணத்தில், கிளிநொச்சியில். அங்கும் கடல் யாருக்கு என்பது தீரவில்லை. 2022-இல் கிராஞ்சி மீனவர்கள் அந்தப் பண்ணைகளை எதிர்த்துத்தான் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.