நடக்கத் தெரிந்தவர்களின் சக்கர நாற்காலி

திருமயம் கோட்டையில் ஏறி, உச்சியிலிருக்கும் பீரங்கிவரை போய்விட்டு இறங்கிவரும் அறுபது, அறுபத்தைந்து வயதுக்காரர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். பெருமாளைச் சேவித்து, பக்கத்திலேயே சத்தியகிரீஸ்வரரையும் தரிசித்து, கடைவீதிக்கு நடந்தே வந்து, காய்கறிப் பையோடு பஸ் ஏறுகிறவர்கள். இவர்களே மகள் பிரசவத்துக்கோ பேரன் பிறந்தநாளுக்கோ அமெரிக்கா கிளம்பும்போது, திருச்சி விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். “அம்மாவுக்கு வீல்சேர் போட்டாச்சு, இனிமே கவலையில்ல” என்று மகன் அங்கிருந்து சொல்லும்போது, அம்மாவின் முழங்காலைப் பற்றி அவன் யோசிக்கவேயில்லை. நடுவழியில் விமானம் மாறும் இடத்தில் அம்மா தொலைந்துவிடக் கூடாது என்பதுதான் அவன் கவலை.

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் ஏறக்குறைய மரபாகிவிட்ட இந்த ஏற்பாட்டைக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏமாற்று என்று திட்டுகிறவர்களும் உண்டு. இரண்டுமே அவசரத் தீர்ப்பு. நாற்காலி கேட்கிறவர்களில் பலருக்கு வேண்டியிருப்பது துணை. அந்தத் துணையைக் காசில்லாமல் பெற விமானத்துறை திறந்து வைத்திருக்கும் வாசல் நாற்காலி ஒன்றுதான். அந்த வாசல் வழியாக எல்லோரும் நுழைவதால் வரும் நன்மை எது, கேடு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், துணை ஏன் தேவைப்படுகிறது? தமிழ்நாட்டின் எந்த நிலையத்திலிருந்தும் அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. திருமயத்துக்காரருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது திருச்சி. நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் நகருக்குள் போகவே வேண்டாம். கோட்டை பைரவர் முன்னால் காரை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் வாசலில் இறங்கிவிடலாம். 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டு அந்த ஆண்டு ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் விசாலமானது. ஆனால் அங்கிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா நகரங்கள் என்று பக்கத்து ஊர்களுக்குத்தான் ஒரே மூச்சில் போகலாம். அதற்கப்பால் எந்த ஊரானாலும் நடுவில் ஒரு பெரிய நிலையத்தில் இறங்கி ஏறியாக வேண்டும்.

அந்த நடுவிடம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சட்டம். சிங்கப்பூர் சாங்கியில் நான்கு முனையங்கள். முதல் மூன்றுக்கும் இடையே ஸ்கைடிரெயின் ஓடுகிறது, நான்காவதற்குப் பஸ். கோலாலம்பூரில் ஏர் ஏசியா வந்திறங்கும் இரண்டாம் முனையம் தனிக் கட்டடம். அடுத்த விமானம் முதல் முனையத்திலிருந்து புறப்படுவதாக இருந்து, டிக்கெட்டும் தனித்தனியாக எடுத்திருந்தால், குடிநுழைவு முத்திரை வாங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, ரயிலேறிப் போய் மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். துபாயில் எமிரேட்ஸுக்கு மூன்றாம் முனையம். ஃப்ளைதுபாயின் பல விமானங்கள் ஓடுதளத்துக்கு அந்தப் பக்கமிருக்கும் இரண்டாம் முனையத்திலிருந்து போகின்றன. அமெரிக்காவிலோ, பெட்டியில் கடைசி ஊர்ப் பெயரையே ஒட்டியிருந்தாலும், பொதுவாக முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவை முடித்துப் பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, திரும்ப ஒப்படைத்துவிட்டுத்தான் உள்நாட்டு விமானத்தைப் பிடிக்க முடியும்.

இதில் எங்கும் கால்பலம் முக்கியமில்லை, விவரம்தான் முக்கியம். அந்த விவரமும் ஆங்கில எழுத்தில், மாறிக்கொண்டே இருக்கும் திரையில் இருக்கிறது. ஒலிபெருக்கியில் கூவி அழைப்பதைப் பல நிலையங்கள் குறைத்துவிட்டன. அமைதியான நிலையம் என்று அதற்குப் பெருமையும் பேசப்படுகிறது. வாசிக்கத் தெரிந்த பயணிக்கு அது சுகம். கேட்டுப் புரிந்துகொண்டே வாழ்நாளெல்லாம் பஸ்ஸும் ரயிலும் ஏறிய பெரியவருக்கோ, கைவசமிருந்த ஒரே கருவியும் போய்விட்டது. கேட் எண் கடைசி நேரத்தில் மாறினால் அவருக்கு அது தெரியவே தெரியாது.

இதே மண்ணிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் இந்தச் சிக்கலைப் பார்த்ததில்லை. செட்டிநாட்டு நகரத்தார் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் போய் இறங்கிய காலத்தில், கப்பலில் உடன் வந்தவரே வழிகாட்டி. இறங்கும் இடத்தில் காத்திருப்பவரும் பங்காளி அல்லது ஊர்க்காரர். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாக மலேயாக் கரைக்குப் போய்வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து ஓய்ந்தது. கப்பல் காலமும் அதோடு முடிந்தது. விமானம் நாட்களை மணிகளாக்கியது. கூடவே, உடன் வரும் மனிதரையும் பயணத்திலிருந்து எடுத்துவிட்டது. சக்கர நாற்காலியைத் தள்ளிவரும் சீருடைக்காரர் அந்தக் காலி இடத்தை நிரப்புகிறார்.

அவர் எவ்வளவு நன்றாக நிரப்புகிறார் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பயணி எங்கே போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். குடிநுழைவு அதிகாரி கேட்கும் கேள்வி புரியாதபோது, “மகன் வீட்டுக்கு வந்திருக்காங்க” என்று எடுத்துச் சொல்வார். கேட் மாறினால் அவரும் மாறிப் போவார். இதற்குக் கட்டணம் கிடையாது. 1986இல் அமெரிக்கா இயற்றிய சட்டமும், 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதியும், நம்முடைய சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதிமுறைகளும் நடமாட்டக் குறைபாடு உள்ளவருக்கு இந்த உதவியை உரிமையாக்கியிருக்கின்றன.

இன்னொரு நன்மை அதிகம் பேசப்படாதது. கணவரோ பிள்ளையோ கூட வராமல் திருச்சியைத் தாண்டாத பெண்கள், கணவர் காலமான பிறகு, தனியாகவே பாதி உலகத்தைச் சுற்றிப் போய் வருகிறார்கள். ‘யார் கூட்டிக்கொண்டு போவது’ என்ற ஒரு கேள்வியால் வீட்டோடு நின்றிருக்க வேண்டியவர்களை நாற்காலி அனுப்பிவைத்தது. சக்கர நாற்காலியின் கணக்கை யார் எழுதினாலும் இதை வரவுப் பக்கத்தில் எழுதியாக வேண்டும்.

ஊரில் நன்றாக நடப்பவர் அங்கேயும் நடப்பார் என்று நினைப்பதும் சரியில்லை. பதினைந்து மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பாதம் வீங்கி, தூக்கம் கெட்டு, கைப்பையையும் சுமந்துகொண்டு, ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேகமாக நடப்பது வேறு விஷயம். விமானத்துறையின் குறியீடுகளில் டபிள்யூ.சி.எச்.ஆர். என்று ஒன்று உண்டு. படியேறவும் விமானத்துக்குள் நடக்கவும் முடியும், ஆனால் நெடுந்தூரம் முடியாது என்கிறவருக்கானது அது. ஆகவே நாற்காலியிலிருந்து எழுந்து நாலு எட்டு வைக்கிறவரையெல்லாம் பொய்க்காரர் என்பது அறியாமை.

இத்தனைக்கும் பிறகும், வழக்கத்தின் செலவுப் பக்கம் கனமானது.

நாற்காலிகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. தள்ளுகிறவர்கள் அதைவிடக் குறைவு. 2024 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கிலிருந்து மும்பை வந்த ஏர் இந்தியா விமானத்தில் எண்பது வயதான ஒருவரும் அவர் மனைவியும் நாற்காலிக்குப் பதிவு செய்திருந்தார்கள். கிடைத்தது ஒன்று. அதில் மனைவி உட்கார, அவர் கூடவே நடந்தார். குடிநுழைவுப் பகுதிக்கு வந்ததும் சரிந்து விழுந்தார்; உயிர் பிழைக்கவில்லை. அன்று நாற்காலிக்குக் கடும் தேவை இருந்ததாகவும், இன்னொன்று வரும்வரை காத்திருக்கச் சொன்னதாகவும் நிறுவனம் விளக்கம் சொன்னது. இயக்ககம் அதை ஏற்காமல் 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. சட்டப்படி பொறுப்பு நிறுவனத்துடையது, அதில் மறுபேச்சில்லை. ஆனாலும் துணை மட்டுமே தேவைப்பட்டவர் உட்காரும் ஒவ்வொரு நாற்காலியும், உண்மையிலேயே நடக்க முடியாத யாரோ ஒருவருடைய காத்திருப்பை நீட்டுகிறது. அந்த யாரோ ஒருவர் நம் கண்ணில் படுவதில்லை என்பதாலேயே நமக்கு உறுத்துவதில்லை.

அடுத்தது நேரம். நாற்காலிக்காரர்கள் பெரும்பாலும் விமானத்தில் முதலில் ஏறுகிறார்கள், கடைசியில் இறங்குகிறார்கள். எல்லோரும் போன பிறகு, தள்ளுபவர் வரும்வரை வாசலில் காத்திருக்க வேண்டும். இடைவெளி ஒன்றேகால் மணி நேரம்தான் என்றால், அதில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பிலேயே கரைந்துவிடும். இறங்கி நேராக நடந்திருந்தால் பிடித்திருக்கக்கூடிய விமானத்தை, பாதுகாப்புக்காகக் கேட்ட நாற்காலியே தவறவிடச் செய்யலாம்.

மூன்றாவது, உட்கார்ந்தவருக்கு நேர்வது. பெரிய நிலையங்களில் ஒருவரே கடைசிவரை தள்ளுவதில்லை. ஒருவர் கொண்டுவந்து ஓரிடத்தில் நிறுத்த, இன்னொருவர் வந்து எடுத்துப் போகிறார். நடுவில் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது, எவ்வளவு நேரம் இங்கே, பாத்ரூம் போகலாமா என்று கேட்க மொழியில்லாமல் பெரியவர் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வயலையும் வரவுசெலவையும் தன் கையில் வைத்திருந்த மனிதர் அந்த நேரத்துக்கு ஒரு சரக்கு. இறக்கிவிடும்போது அன்பளிப்பு கொடுப்பதா, எவ்வளவு, எந்த நாட்டுக் காசில் என்ற சங்கடம் வேறு. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார் என்று மகிழும் பிள்ளைகளிடம் இதைப் பெரியவர்கள் சொல்வதில்லை.

நான்காவது கேடு கண்ணுக்குத் தெரியாதது; என் பார்வையில் அதுவே பெரியது. வழி புரியாதவர் ஒவ்வொருவரும் ‘நடக்க முடியாதவர்’ என்று பதிவாகும்போது, நிறுவனத்தின் கணக்கில் கூடுவது நாற்காலித் தேவை. வழி புரியவில்லை என்ற குறை எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. பலகையில் இன்னொரு மொழி சேர்வதில்லை; படம் போட்ட குறி பெரிதாவதில்லை; அறிவிப்பு திரும்பி வருவதில்லை. குறை சொல்லாமல் சமாளித்துவிடும் நம் சாமர்த்தியம், குறையைச் சரிசெய்ய வேண்டியவர்களுக்கு வசதியாகிவிட்டது.

இதற்கு மருந்தாகச் சிலர் மருத்துவச் சான்றிதழ் கேட்கச் சொல்கிறார்கள். அது நோயைவிடக் கொடியது. இதய நோயும் நுரையீரல் நோயும் பார்த்தால் தெரியாது. சான்று கேட்கத் தொடங்கினால் முதலில் அலைக்கழிக்கப்படுவது உண்மையான நோயாளி. அமெரிக்கச் சட்டம் நாற்காலி கேட்பவரிடம் சான்று கேட்கக் கூடாது என்று வைத்திருப்பது காரணத்தோடுதான்.

உண்மையான மாற்று ஏற்கெனவே இருக்கிறது. எம்.ஏ.ஏ.எஸ். என்ற குறியீட்டில், பயணியை எதிர்கொண்டு கூட்டிச்செல்லும் உதவியைப் பதிவு செய்யலாம். நாற்காலி வராது, ஆள் மட்டும் வருவார். ஆனால் இணையத்தில் டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் சக்கர நாற்காலிக்கு ஒரு கட்டம் இருக்கும். இதற்குப் பெரும்பாலும் இருக்காது. தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டவருக்குத்தான் கிடைக்கும், அதுவும் எல்லா நிறுவனத்திலும் இல்லை. துபாயில் மர்ஹபா, தோஹாவில் அல் மஹா என்று வரவேற்று அழைத்துப்போகும் சேவைகள் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. ஆக நிலைமை இதுதான்: காசு கொடுத்தால் கூடவே நடந்து வருவார்கள், இலவசமாக வேண்டுமென்றால் உட்கார வேண்டும். நடக்கத் தெரிந்தவரை உட்கார வைப்பது அவருடைய பேராசை அல்ல, இந்த விலைப்பட்டியல். லண்டன் கேட்விக் நிலையத்தில் 2016இல் தொடங்கிய சூரியகாந்திப் பட்டி, கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்கள் கழுத்தில் அணிந்துகொள்வது. அதைப் பார்த்த ஊழியர் கேட்காமலே நின்று உதவுகிறார். வழி தெரியாத முதியவருக்கும் அப்படியொரு அடையாளம் போதும், சக்கரம் தேவையில்லை.

பிள்ளைகளின் பங்கையும் விட்டுவிட முடியாது. இரண்டு நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட் எடுத்தால் சில ஆயிரம் குறையும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்பதை அந்த விலை சொல்லாது. ஒரே பி.என்.ஆரில் எடுத்தால் தவறிய இணைப்புக்கு அடுத்த விமானத்தில் இடம் கொடுப்பது நிறுவனத்தின் வேலை. பெரும்பாலும் பெட்டியும் தானே போய்ச் சேரும். மூன்று மணி நேர இடைவெளியும் ஒரே முனையத்தில் மாறும் பாதையும் இருந்தால் பாதிப் பயம் அங்கேயே தீர்ந்துவிடும். மீதிக்கு, தமிழில் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு தாளும், பெட்டியைப் போடும்போதே “இது எது வரைக்கும் போகுது, நடுவுல எடுக்கணுமா?” என்று கேட்கும் பழக்கமும் போதும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. வளைகுடா நிலையங்களில் தமிழும் மலையாளமும் பேசும் ஊழியர்கள் தாராளம். வாய் திறந்து கேட்கிறவருக்கு வழி இருக்கிறது. டிக்கெட்டில் மிச்சம் பிடித்துவிட்டு அதன் ஆபத்தை நாற்காலியால் ஈடுகட்டுவது, நம் சிக்கனத்தின் விலையை முகம் தெரியாத ஒரு நோயாளியின் தலையில் கட்டுவதாகும்.

அதனால் இந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். வேறு துணை கிடைக்காதவரை அது நியாயமானதே. இரண்டாம் முறை, மூன்றாம் முறை போகிறவர்களுக்கும் யோசிக்காமல் அதையே போடுவதுதான் நியாயமில்லாதது. மூட்டு வலிக்கிறவர் நாற்காலி கேட்கட்டும். வழி தெரியாதவர் வழிகாட்டி கேட்கட்டும். இரண்டு தேவைக்கும் ஒரே கட்டத்தில் டிக் அடிக்க வைக்கும் அந்தப் பதிவுப் படிவத்தை விமான நிறுவனங்கள் மாற்றட்டும். இலவசம் என்ற உரிமை, உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளதுபோலவே நடந்து வருகிறவருக்கும் இருக்க வேண்டும்.