மூச்சு வாங்காத நடை போதாது

1953ஆம் ஆண்டு லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்த நகரத்து மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்திருந்தது. இருவருக்கும் ஒரே பேருந்து, ஒரே ஷிப்ட். ஒருவர் உட்கார்ந்தே இருக்கிறார். மற்றவர் டிக்கெட் கொடுக்க நாள் முழுக்கப் படி ஏறி இறங்குகிறார். உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய நவீன ஆராய்ச்சி பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மாரிஸை நான் மதிப்பது அதற்குப் பிறகு அவர் செய்ததற்காக. கிடைத்த முடிவோடு திருப்தியடையாமல், இரு தரப்பினருக்கும் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு இளம் வயதிலேயே பெரிதாக இருந்தது. ஆகவே வித்தியாசம் முழுவதையும் படிகளின் கணக்கில் எழுதிவிட முடியாது. பிறகு அரசு அலுவலர்களை ஆராய்ந்து 1973இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்னும் கறாரானது: ஏதோ கொஞ்சம் உடம்பை அசைப்பது போதவில்லை, ஓய்வு நேரத்தில் தீவிரமாக உழைத்தவர்களுக்கே இதயப் பாதுகாப்பு தெளிவாகத் தெரிந்தது.

‘எந்த கார்டியோ சிறந்தது?’ என்ற கேள்வி நம்மூரில் பெரும்பாலும் கலோரிக் கணக்காகச் சுருங்கிவிடுகிறது. ஒரு மணி நேரம் ஓடினால் இத்தனை, நீந்தினால் இத்தனை என்று அட்டவணை போடுகிறார்கள். எடையைத் தீர்மானிப்பதில் தட்டில் விழும் சோற்றுக்குத்தான் பெரிய பங்கு. கார்டியோவின் வேலை வேறு. இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது, தசைகள் அதிலிருந்து எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்ற திறனை அது கூட்ட வேண்டும். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ட்ரெட்மில் பரிசோதனை செய்துகொண்ட 1,22,007 பேரின் விவரங்களை வைத்து 2018இல் வந்த ஆய்வில், இந்தத் திறன் குறையக் குறைய இறப்பு விகிதம் ஏறியது. எனவே என் முதல் அளவுகோல் அதுதான். அடுத்து, காயம் இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்க்கிறேன். கடைசியாக, ஐந்து வருடம் கழித்தும் அந்த ஆள் அதை விடாமல் செய்துகொண்டிருப்பாரா?

யாருக்கான தீர்ப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாற்பதைக் கடந்த, உட்கார்ந்து வேலை பார்க்கிற, சுகரோ பிரஷரோ தலைகாட்டத் தொடங்கியிருக்கிற ஆணும் பெண்ணும்தான் என் கண் முன் இருப்பவர்கள். தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடந்து 2014இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘இண்டியாப்’ ஆய்வு, பாதிக்கும் மேற்பட்டோர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்றது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்கள் பத்து சதவீதம்கூட இல்லை.

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் ஒரு பட்டியலை முதலில் எடுத்துக்கொள்வோம். கோபன்ஹேகனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்விலிருந்து வந்தது அது. சும்மா இருப்பவர்களோடு ஒப்பிட்டால், டென்னிஸ் ஆடுபவர்களின் ஆயுள் 9.7 ஆண்டு கூடுதல், பாட்மின்டன் 6.2, சைக்கிள் 3.7, நீச்சல் 3.4, ஜாகிங் 3.2. ஜிம்முக்குப் போனவர்களுக்கு வெறும் 1.5. இதைப் படித்துவிட்டு ராக்கெட் வாங்கக் கிளம்புபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். டென்னிஸ் ஆயுளைக் கூட்டியதா, நீண்ட ஆயுளுக்கான வசதியும் ஓய்வும் நண்பர்களும் ஏற்கெனவே உள்ளவர்கள் டென்னிஸ் ஆடினார்களா? படிப்பு, வருமானம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்தோம் என்று ஆய்வாளர்கள் சொன்னாலும், இத்தகைய ஆய்வு காரணத்தை நிறுவாது, தொடர்பைத்தான் காட்டும். பலரோடு சேர்ந்து ஆடுவது ஒருவரை விடாமல் வரவைக்கும் என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவது அளவுகோலுக்கு அது உதவும்.

ஓட்டத்துக்கு நியாயம் செய்தாக வேண்டும். செலவிடும் நிமிடத்துக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால் அதை மிஞ்சுவது கடினம். முட்டி தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கும் ஆதாரம் போதாது. 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கே இடுப்பு, முட்டித் தேய்மானம் இருந்தது, ஓடாதவர்களில் 10.2 சதவீதம். இங்கேயும் சீருடைக் கேள்வி உண்டு: முட்டி நன்றாக இருப்பவர்கள்தானே ஓடுவார்கள்? அமெரிக்காவில் ஓட்டத்தைப் பரப்பிய எழுத்தாளர் ஜிம் ஃபிக்ஸ் 1984இல், 52 வயதில், ஓடும்போதே இறந்ததைக் காட்டி ஓட்டத்தைக் குறை சொல்வதும் சரியல்ல. அவர் தந்தை 43 வயதிலேயே இதய நோயால் இறந்தவர். என் தயக்கம் வேறு. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. இருபது வருடம் ஓடாத, 85 கிலோ எடையுள்ள ஒருவர் திடீரென்று ஓடத் தொடங்கினால் குதிகாலோ கெண்டைக்காலோ முதலில் மறுக்கும். ஒரு மாதம் ஓய்வெடுப்பார். பிறகு திரும்ப மாட்டார். ஏற்கெனவே ஓடுபவர்கள் நிறுத்த வேண்டாம். புதிதாக வருபவருக்கு இது முதல் படி அல்ல.

நீச்சல் மூட்டுக்கு நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சின்ன வயதில் கிணற்றில் குதித்துக் கற்றுக்கொண்ட நீச்சல் வேறு, இருபது நிமிடம் நிற்காமல் நீந்துவது வேறு. பெரும்பாலோர் இரண்டு முறை போய் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். குளமும் எல்லா ஊரிலும் இல்லை. மூட்டு வலி உள்ளவருக்கு வீட்டிலேயே நிற்கும் சைக்கிள் இதைவிட எளிது. அவர்களுக்கு என் தேர்வு அதுதான். ஸ்கிப்பிங் கயிறு விலை குறைவு, பலன் நிறைய. ஆனால் கனமான உடம்பின் கணுக்காலுக்கு ஆகாது.

நான்கே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று போன் ஆப்களில் விற்கப்படும் ‘தபாட்டா’வைப் பற்றி ஒரு வார்த்தை. 1996இல் இசுமி தபாட்டா அதைச் சோதித்தது உடல் தகுதியுள்ள இளைஞர்களிடம், ஆய்வுக்கூட சைக்கிளில். இருபது வினாடி மிதி, பத்து வினாடி ஓய்வு, ஏழெட்டு சுற்று. அதற்குள் அவர்கள் முற்றிலும் களைத்துவிடும் அளவுக்கு எதிர்விசை. வரவேற்பறையில் கையைக் காலை ஆட்டுவதற்கு அந்தப் பெயரை வைப்பது பயன்படுத்துபவரை ஏமாற்றுவது. உண்மையான தபாட்டாவை சுகர் உள்ள ஐம்பது வயதுக்காரருக்கு யாரும் பரிந்துரைக்கக் கூடாது.

மிச்சமிருப்பது நடை. தமிழ்நாட்டில் கார்டியோ என்றால் நடைமுறையில் இதுதான். 2023இல் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. சென்னையின் எந்தப் பூங்காவுக்குக் காலை ஆறு மணிக்குப் போனாலும் கூட்டம் இருக்கும். கொஞ்சம் நின்று கவனியுங்கள். நால்வர் ஒரே வரிசையில் பாதையை அடைத்துக்கொண்டு, மருமகளின் விசா முதல் தங்கம் விலை வரை பேசிக்கொண்டே நடக்கிறார்கள். வாக்கியம் எங்கும் உடைவதில்லை. அடுத்த பக்கம் ‘8’ வரைந்த தரையில் சிலர் வளைந்து வளைந்து போகிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் செத்துவிடுகிறது. வாசலில் அருகம்புல் ஜூஸ். வருடக்கணக்கில் விடாமல் வருகிறார்கள், காயமும் கிடையாது. என் அளவுகோலில் இரண்டு தேறிவிட்டன. முதலாவதுதான் தேறவில்லை. முழு வாக்கியம் தடையின்றிப் பேச முடிகிற நடையில் இதயத்துக்குப் புதிய வேலை அதிகம் இல்லை. எட்டு நடையால் மொட்டை மாடியைத் தவிர வேறு இடமில்லாத பெண்களுக்கு ஒரு வழி கிடைக்கிறது; அது அதன் நன்மை. கார்டியோவாக அது மிகவும் மெதுவானது.

இந்தக் குறையை அடைக்கும் வழி ஜப்பானிலிருந்து வந்தது. ஷின்ஷூ பல்கலைக்கழகத்தினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி 63 வயதுள்ளவர்கள் மூன்று நிமிடம் வேகமாகவும் மூன்று நிமிடம் மெதுவாகவும் மாற்றி மாற்றி, ஒரு நாளைக்கு ஐந்து சுற்றாவது, வாரம் நான்கு நாளாவது நடந்தார்கள். ஐந்து மாதத்தில் அவர்களுடைய ஆக்சிஜன் திறன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பலமும் கூடியது. ரத்த அழுத்தம் இறங்கியது. ஒரே சீராக நடந்தவர்களுக்கு இந்த அளவு பலன் இல்லை. நமக்கு இன்னும் நெருக்கமானது டென்மார்க்கில் டைப் 2 சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு. இரண்டு குழுக்களும் நான்கு மாதம், வாரம் ஐந்து நாள், ஒரு மணி நேரம் நடந்தன. செலவான சக்தியும் சமம். வேகத்தை மாற்றி நடந்தவர்களின் திறன் 16 சதவீதம் ஏறியது, சராசரி சர்க்கரை இறங்கியது. சீராக நடந்தவர்களிடம் இரண்டிலும் முன்னேற்றம் இல்லை. கலோரி ஒன்றாக இருந்தும் பலன் வேறாக இருந்தது என்பதால்தான் இந்த ஆய்வை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

டென்மார்க் ஆய்வின் பலவீனம், பங்கேற்றவர்கள் 32 பேர் மட்டுமே என்பது. ஆயுள் கூடும் என்று சத்தியம் செய்யவும் முடியாது. நார்வேயின் ட்ரோன்ஹைமில் எழுபது வயதைத் தாண்டிய 1,567 பேரை ஐந்து ஆண்டு கவனித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், தீவிர இடைவெளிப் பயிற்சி செய்தவர்களில் 3 சதவீதமும், மிதமாகச் செய்தவர்களில் 5.9 சதவீதமும், வழக்கமான அரசு அறிவுரைப்படி இருந்தவர்களில் 4.7 சதவீதமும் இறந்திருந்தனர். நம்பிக்கை தரும் வித்தியாசம்தான்; ஆனால் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லப் போதவில்லை. திறன் கூடும், பிரஷரும் சுகரும் கட்டுக்குள் வர உதவும் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

இவ்வளவையும் எடை போட்ட பிறகு என் தேர்வு வேகத்தை மாற்றி மாற்றி நடக்கும் நடைதான். வேகமான மூன்று நிமிடத்தில் இரண்டு, மூன்று சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேச முடியக் கூடாது, அதுதான் அளவு. வேகம் கூட்ட இடமில்லையென்றால் மேம்பாலத்தின் ஏற்றமோ அடுக்குமாடிப் படிக்கட்டோ அதே வேலையைச் செய்யும். இதனோடு வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். எந்த கார்டியோவும் அதற்கு மாற்றாகாது. நெஞ்சு வலியோ படபடப்போ இருந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் வேகம் கூட்ட வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தில் மரத்த உணர்வு இருந்தால் செருப்போடு நடக்காதீர்கள், ஷூ போடுங்கள்.

வழக்கமாக நடப்பவர்கள் எதையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. நேரத்தையும் கூட்ட வேண்டாம், கூட்டாளிகளையும் விட வேண்டாம். நாளைக்கு இரண்டாவது சுற்றில் மூன்று நிமிடம் மட்டும் நால்வரும் பேச்சை நிறுத்திவிட்டு வேகமாக நடந்து பாருங்கள்.