முழுகிய தேவாலயம், எந்தக் காலம்?

க்ளோத் டெபுஸி 1910இல் வெளியிட்ட பிரெலூட் முதல் தொகுப்பில் பன்னிரண்டு பியானோ உருப்படிகள் இருக்கின்றன. பத்தாவதின் பெயர் 'முழுகிய தேவாலயம்'. பிரிட்டனி கடற்கரையில் ஈஸ் என்றொரு ஊர் கடலுக்குள் போய்விட்டதாம். அதன் கோயில் மட்டும் விடியற்காலையில் நீருக்கு மேலே எழுந்து, மணியடித்து, மறுபடி முழுகிவிடுமாம். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட சேதியை மணிமேகலையில் படித்த நமக்கு இதற்கு மேல் முன்னுரை வேண்டாம்.

இந்த ஆறேழு நிமிட உருப்படியைப் பெரிய வித்வான்கள் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். ஒப்பிட்டு எழுதுபவர்கள் வழக்கமாக என்ன சொல்வார்கள் தெரியுமா? கீஸெகிங் வாசித்தால் பெடலில் பனிமூட்டம் இறங்குகிறது. மிக்கலாஞ்செலி வாசித்தால் ஒவ்வொரு சுரமும் கண்ணாடி வெட்டினது மாதிரி தனித்தனியாக நிற்கிறது. அர்ராவ் கனமாக, அவசரமில்லாமல் போகிறார். எல்லாம் சரிதான், நானும் கேட்டு ஒத்துக்கொள்கிறேன். எனக்குப் பிடித்தது மிக்கலாஞ்செலி. பனி என்று தாளில் எழுதியிருப்பதால் கேட்பவன் காதில் பஞ்சை அடைக்க வேண்டியதில்லை, மணி மணியாகவே கேட்கட்டும் என்பது என் கட்சி. ஆனால் இந்தப் பனிப் பட்டிமன்றத்தில் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று காணாமல் போகிறது. எந்தக் காலத்தில் வாசிக்க வேண்டும்?

டெபுஸியே இதை வாசித்துப் பதிந்திருக்கிறார். ஒலித்தட்டில் இல்லை, காகிதச் சுருளில். ஜெர்மனியின் வெல்டே-மின்யோன் என்கிற இயந்திரம், பியானோ கலைஞர் எந்தக் கட்டையை எப்போது அழுத்தினார், எப்போது விட்டார் என்பதைச் சுருளில் குறித்துக்கொள்ளும். துளையிட்ட சுருளை வேறொரு பியானோவில் மாட்டினால் கட்டைகள் தானே இறங்கி ஏறும். என் தொழில் பாஷையில் சொன்னால் அது ஆடியோ ஃபைல் இல்லை, ஈவென்ட் லாக். 1913 வாக்கில் டெபுஸி அப்படிச் சில உருப்படிகளைப் பதிந்தார், இதுவும் அதில் ஒன்று.

அந்தச் சுருளில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. மொத்தம் 89 பார். பார் என்பதை நம்ம ஆவர்த்தனம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதில் 7 முதல் 12 வரையும், 22 முதல் 83 வரையும், அதாவது 68 பார்களை, அச்சில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் வாசிக்கிறார். அச்சிட்ட தாளில் அப்படிச் செய்யச் சொல்லி நேரடியாக எதுவும் இல்லை. ஆரம்பத்தில் 6/4 = 3/2 என்று ஒரு புதிரான குறி மட்டும் இருக்கிறது. சார்லஸ் பர்க்ஹார்ட் 1968இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1985இல் ராய் ஹோவட் பதிப்பித்த தொகுப்பில் இந்த இரட்டிப்பு தாளிலேயே குறிப்பாக ஏறியது.

நம்மூரில் இதைப் புரியவைப்பது சுலபம். சுரம் எழுதிய புத்தகத்தில் சுரங்களுக்கு மேலே கோடு போட்டிருந்தால் இரண்டாம் காலம். அச்சகத்தில் கோடு விட்டுப்போச்சுன்னு வையுங்க. குருவிடம் கேட்டவர் சரியாகப் பாடுவார். புத்தகத்தை மட்டும் பார்த்தவர் முதல் காலத்திலேயே இழுத்துக்கொண்டு போவார். அதையும் 'ஆஹா, என்ன ஆழம்' என்று ரசிக்க நாலு பேர் இருப்பார்கள். விழுப்புரம் பக்கம் கூத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கும் ஒருவரிடம் சுருளின் பதிவைப் போட்டுக் காட்டினேன். மேற்கத்திய இசை அவருக்குப் பழக்கமே இல்லை. நடுவில் தலையை நிமிர்த்தி, "ரெண்டாம் காலம் எடுத்துட்டாரு சார்" என்றார். தாளைப் பார்க்காததால் அவருக்குக் குழப்பமே வரவில்லை.

"பழைய இயந்திரம், சுருள் வேகமாக ஓடியிருக்கும்" என்று இதைத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம்தான், ஆனால் இந்த இடத்தில் செல்லாது. சுருள் வேகமாக ஓடினால் முழு உருப்படியும் ஒரே விகிதத்தில் வேகமாகும். குறிப்பிட்ட 68 பார்கள் மட்டும் சரியாக இரண்டு மடங்காகாது. மொத்த வேகத்தை நம்பாதீர்கள், பகுதிகளுக்கு இடையிலான விகிதத்தை நம்புங்கள். எனவே 'இவர் பதிவு ஐந்து நிமிடம், அவர் பதிவு ஏழு நிமிடம்' என்று நேரத்தை மட்டும் பட்டியல் போடுவதில் பிரயோஜனம் இல்லை. உங்களிடம் இருக்கும் எந்தப் பதிவையும் நீங்களே சோதிக்கலாம். ஆரம்பத்து மெதுவான ஏறு வரிசையில் விரலால் தட்டி எண்ணுங்கள். பிறகு அடியில் கனமான ஸி சுரம் அதிர, மேலே பெரிய கூட்டுசுரங்கள் ஊர்வலமாக வரும் உச்ச இடத்தில், ஒவ்வொரு கூட்டுசுரத்துக்கும் ஒரு தட்டு. இரண்டு இடத்திலும் தட்டு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அவர் டெபுஸி வழி. உச்சத்தில் தட்டு பாதி வேகமாகிவிட்டால் அச்சகத்து வழி. அச்சகத்து வழியில் அந்த ஊர்வலம் எனக்கு நகராத தேர் மாதிரி இருக்கிறது. வடம் இழுக்கிறார்கள், சக்கரம் சுற்றவில்லை.

இதே காலத்து இன்னொரு பதிவு, நம் பக்கத்துப் பாட்டு. டெபுஸியின் சமகாலத்தவர் மொரீஸ் ராவெல். அவருடைய 'கண்ணாடிகள்' தொகுப்பின் கடைசி உருப்படியான 'மணிகளின் பள்ளத்தாக்கு', அவரது மாணவரும் நண்பருமான மொரீஸ் டெலாஜுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இந்த டெலாஜ் 1912இல் இந்தியா வந்தார். அதன் விளைவாக 'நான்கு இந்துக் கவிதைகள்' எழுதினார். மதராஸ், லாகூர், காசி, ஜெய்ப்பூர் என்று ஊர்ப் பெயர்கள். லாகூருக்குரிய கவிதை ஜெர்மன் கவிஞர் ஹைனேயுடையது என்பது தனி வேடிக்கை. அதைவிட எனக்கு முக்கியம் 'ராகமாலிகா'. கோயம்புத்தூர் தாயி பாடிய கிராமபோன் தட்டைக் கேட்டுக் கேட்டு, குரலுக்கும் பியானோவுக்குமாக டெலாஜ் அமைத்தது. தட்டில் தாயி பாடியது இராமலிங்க சுவாமிகளின் அருட்பா, ராகமாலிகையாக. வடலூரும் திண்டிவனமும் விழுப்புரமும் ஒரே தென்னார்க்காடு ஜில்லாவாக இருந்த காலம் அது. வள்ளலார் மறைந்து நாற்பது வருஷம்கூட ஆகாத நிலையில் அவர் பாட்டு பாரீஸ் போய்ச் சேர்ந்திருக்கிறது. சேர்த்தது மெழுகில் ஊசி கீறிய ஒரு பெண்ணின் குரல்.

தாயியின் தட்டுகளிலும் வேகப் பிரச்சினை உண்டு. 78 சுற்று என்பது பின்னால் நிலைத்த பெயர். அந்தக் காலத்துத் தட்டுகள் அதற்கு முன்னே பின்னே இருக்கும். 74இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரை சுரம் ஏறிவிடும். மூன்று நிமிடப் பாட்டில் சுமார் ஒன்பது விநாடி குறையும். 'அந்தக் காலத்துப் பெண்கள் எப்படி இவ்வளவு உச்சத்தில் பாடினார்கள்' என்று வியப்பதற்கு முன்னால் தட்டு எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பார்ப்பது நல்லது. ஆனால் இங்கேயும் விகிதம் கெடாது. ஸாவுக்கும் பாவுக்கும் உள்ள உறவு எந்த வேகத்திலும் அதேதான். பிருகா எத்தனை பொடி, கமகம் எந்தச் சுரத்திலிருந்து எங்கே வழுக்குகிறது, எல்லாம் அப்படியே இருக்கும்.

அந்த வழுக்கல்தான் பியானோவில் வராது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் ஒன்றுமே கிடையாது. ஆர்மோனியத்தின் மேலும் இதே புகார்தான். அகில இந்திய வானொலி 1940இல் தடையே போட்டது. டெலாஜுக்கும் இது தெரிந்திருக்கிறது. வழுக்கலைக் குரலிடம் விட்டுவிட்டு, பியானோவிடம் அதனால் முடிகிற ஒன்றைக் கேட்டார். கீழ் ஸ்தாயியில் பி-ஃப்ளாட் சுரத்தின் தந்திகளுக்கு அடியில் ஒரு அட்டைத்துண்டை வைக்கச் சொன்னார். தந்தியின் கார்வை செத்து, மத்தளத்தின் 'தொம்' மாதிரி கேட்கும். ஜான் கேஜ் தந்திகளுக்கு நடுவே திருகாணி செருகிப் பேர் வாங்கியது இதற்கெல்லாம் பல வருஷம் கழித்து, 1940 வாக்கில். பியானோவுக்குள் கைவிட்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் டெலாஜை மறக்காமல் சொல்கிறார்கள். அட்டையை வைக்கத் தூண்டிய தட்டில் பாடியவர் பெயர் அதே வரியில் வந்தால் நன்றாக இருக்கும்.

'ராகமாலிகா'வை இன்று வாசிக்க எடுப்பவர்கள் செய்யக்கூடிய தவறு, 'முழுகிய தேவாலய'த்தில் நடந்த அதே தவறுதான்: தாளை மட்டும் பார்ப்பது. தாளில் பி-ஃப்ளாட் ஒரு சுரமாகத்தான் தெரியும். சுரம் என்று நினைத்து அதை மெத்தென்று அழகாக வாசித்தால் காரியம் கெட்டுவிடும். அது அடி, தாளம், பாடகரைத் தூக்கிப் பிடிக்கிற கை. பாடுபவர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலைப் பார்த்து உச்சரிக்கும் தமிழை நான் மன்னித்துவிடுவேன். நம்ம ஊரில் தியாகராஜர் தெலுங்கு படும் பாடு தெரிந்த விஷயம்தானே. தாளம் தூங்குவதை மன்னிக்க முடியாது.

கேட்கிற வரிசையும் முக்கியம். தாயியின் தட்டுகளில் இணையத்தில் கிடைப்பவற்றை முதலில் நாலைந்து தடவை கேளுங்கள். இரைச்சலை வடிகட்டும் மென்பொருளில் போடாதீர்கள். இரைச்சலோடு சேர்த்து பிருகாவின் நுனியையும் அது தின்றுவிடும், நான் பார்த்துவிட்டேன். காது கொம்புக்குழாய் ஒலிக்குப் பழகின பிறகு டெலாஜைப் போடுங்கள். கடைசியில் டெபுஸியின் சுருள், 22வது பார் வரும்போது விரல் மேஜையில் இருக்கட்டும்.