பஞ்சும் பாடமும்

செயல்வழியே, தேடலின் வழியே குழந்தை கற்க வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். நல்ல கொள்கை, நாம் வரவேற்கிறோம். ஆனால், எதைச் செய்வது? யாருடைய பிள்ளை, யாருக்காகச் செய்வது? இதைக் கேளாத கல்விக் கொள்கை ஏழையின் வீட்டுக்கு விளக்காகாது!

அமெரிக்க அறிஞர் ஜான் டூயி 1896-இல் சிகாகோவில் ஒரு பள்ளி கண்டார். அங்கே பிள்ளைகள் தைத்தனர், நெய்தனர். கம்பளித் தொழில் முந்தி வளர, பருத்தித் தொழில் பிந்தியது ஏன் என்று ஆராய்ந்தனர். 30 நிமிடம் முயன்று கொட்டை நீக்கியும் ஒரு குழுவுக்கு ஓர் அவுன்சுப் பஞ்சுகூடத் தேறவில்லை. காரணத்தை விரல்களே விளக்கின. கை உழைத்தது, கருத்து வளர்ந்தது!

1953-இல் இங்கும் ஒரு திட்டம் வந்தது. சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாக்கினார் இராசாசி. எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னார். செய்து கற்பதாம்! அப்பன் தொழிலே பிள்ளைக்கு என்பதன்றோ அதன் பொருள்? குலக்கல்வி என்று நாடு கொதித்தது. 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது.

திட்டம் போயிற்று, எண்ணம் மாண்டதா? திருப்பூரைப் பாருங்கள். பனியன் துணியில் பிசிறு வெட்டும் வேலை வீடு தேடியே வருகிறது. 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயது நிரம்பாதோரை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. ஆயினும் ஆபத்தில்லாக் குடும்பத் தொழிலில், பள்ளி விட்டபின் உதவலாமென்று ஒரு வாசலையும் திறந்துவிட்டது. அதே பருத்தி, அதே பிஞ்சு விரல்கள். அங்கே கேள்வி பிறந்தது. இங்கே வெட்டிய உருப்படிகளின் எண்ணிக்கையன்றோ ஏறும்?

உழைப்பை நாம் இழித்துரைக்கவில்லை. தையற்காரர் மகள் விரும்பினால் தையலைக் கொள்ளட்டும். விதியென்று கொள்ள வேண்டாம் என்கிறோம்.

செயல்வழிக் கல்வி மெய்யானால், திருப்பூர்ப் பள்ளி நொய்யலாற்றங்கரைக்குச் செல்லட்டும். ஆற்று நீர் நிறம் மாறியது ஏன், 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஏன் என்று ஆராயட்டும். அம்மா தைக்கும் உருப்படிக்குக் கூலி எவ்வளவு, கடையில் அதன் விலை எவ்வளவு என்று கணக்கிடட்டும்.

அன்று வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து "ஏன்?" என்று கேட்கும். அந்தக் கேள்வியை அடக்காமல் வளர்ப்பதே பள்ளி. மற்றது, கூரை வேய்ந்த பட்டறை!